வைக்கோலும் நுண்ணுயிரும்



டில்லிக் குளிரில் தோசை மாவு பொங்காமல் தாய்மார்கள் படும் பாடு நாம் அறிந்ததே. பாத்திரத்துக்குக் கம்பளி போர்த்தியும் மாவு அசைவதில்லை. அதைப் பொங்கச் செய்வது கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர். அதற்கு இதமான சூடு வேண்டும். உண்ணச் சர்க்கரையும் வேண்டும்.

ஐப்பசி பிறந்தால் நம் காலனிக்கு வேறொரு தொல்லை. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நெல்லறுத்த தாளைக் கொளுத்துகின்றனர். அப்புகையும் நகரத்துப் புகையும் சேர்ந்து நம் குழந்தைகளின் நெஞ்சை அடைக்கின்றன. சென்ற ஆண்டு நம் இல்லத்து இளையவள் இருமலால் மூன்று வாரம் பள்ளிக்குச் செல்லவில்லை. உழவரை வைதுவிட்டால் ஆயிற்றா? நெல்லறுப்புக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே அவருக்குக் கிடைப்பது இரண்டு மூன்று வாரமே. தஞ்சையிலே வைக்கோல் மாட்டுக்குத் தீனி. அங்கோ, மணற்சத்து மிகுந்த அவ்வைக்கோலை மாடு விரும்புவதில்லை.

அந்த வைக்கோலுக்குள் சர்க்கரை ஒளிந்திருக்கிறது. பக்குவம் செய்து பிரித்தால் குளுகோஸும் சைலோஸும் கிடைக்கும். ரொட்டிக்கடை ஈஸ்ட் குளுகோஸை உண்டு எரிசாராயமாக்கும். சைலோஸை அப்படியே விட்டுவிடும். (சாராயம் என்றதும் முகம் சுளிக்க வேண்டா, இது பெட்ரோலுடன் கலப்பதற்கு.) ஆகவே விஞ்ஞானிகள் நுண்ணுயிரையே திருத்த முற்பட்டனர். அமெரிக்காவில் புளோரிடா பல்கலைக்கழகத்து லோனி இங்ராம் குழுவினர், குடலில் வாழும் ஈகோலி என்னும் நுண்ணுயிரில் வேறொன்றின் மரபணுக்களைச் சேர்த்தனர். அது இருவகைச் சர்க்கரையையும் எரிசாராயமாக்கிற்று. 1991-இல் அந்நாட்டின் ஐம்பது லட்சமாவது காப்புரிமை இதற்கே அளிக்கப்பெற்றது. நம் டில்லியிலேயே, அருணா ஆசப் அலி சாலையிலுள்ள பன்னாட்டு மரபுப் பொறியியல் ஆய்வு மையத்தார், அயல் மரபணு எதுவும் சேர்க்காமல், ஈகோலியின் சொந்த மரபணுக்களைத் திருத்தியே இவ்வேலையைச் செய்வித்திருக்கின்றனர்.

வைக்கோலிலிருந்து எரிசாராயம் எடுக்க, பானிப்பட்டில் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் ஆலை 2022 ஆகஸ்டு 10-ஆம் நாள் தொடங்கப்பெற்றது. ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலிலிருந்து சுமார் 3 கோடி லிட்டர் எடுப்பது அதன் திட்டம். பஞ்சாபில் மட்டும் ஆண்டுதோறும் விழும் வைக்கோல் ஏறத்தாழ 2 கோடி டன்!

சரக்குக் கணக்கு எழுதும் நமக்கு ஒன்று உறுத்துகிறது. வைக்கோல் எடையிற் சிறிது, இடம் அடைப்பதிற் பெரிது; வண்டி கொள்ளுமட்டும் ஏற்றினாலும் கூலிக்குக் கட்டாது. வயலில் கிடைப்பது சில வாரங்கள். ஆலைக்கோ ஆண்டு முழுதும் தீனி வேண்டும். அதுவரை மழையில் நனையாமல், தீப்பிடிக்காமல் அடுக்கிவைக்க வேண்டும். அந்தக் கூலியையும் கிடங்கு வாடகையையும் யார் தருவது என்பதுதான் உழவர் நம்மிடம் கேட்கும் கேள்வி.