தேரையின் குடலும் குளத்தின் நலமும்

(உரையின் எழுத்து வடிவம்)

மாலையில் விளக்கடியில் வந்தமர்ந்து பூச்சிகளை உண்ணும் தேரையை இந்நாட்டில் அறியாதார் இல்லை. பயிருக்குப் பகையான பூச்சிகளையும் தின்று, உழவருக்குக் கூலி பெறாத துணையாக அது விளங்குகிறது. அதன் இனமான தவளையின் கால்களை ஏற்றுமதி செய்வது 1987ஆம் ஆண்டில் தடை செய்யப்பட்டது. ஆயின், பிடிப்பதைத் தடுத்தால் மட்டும் இவ்வுயிர்களின் நலம் காக்கப்பட்டுவிடுமா?

தேரையின் குடலில் புழுக்கள் இருப்பது இயல்பே. உருளைப்புழு, நாடாப்புழு, முள்தலைப்புழு ஆகியன அங்குக் காணப்படுவதுண்டு. விலங்கியல் மாணவர் நன்கறிந்த ஒப்பலைனா என்னும் ஒரு செல் உயிர் அதன் மலக்குடலில் வாழ்கிறது. வாயற்ற இவ்வுயிர் உடற்பரப்பின் வழியே உணவை உறிஞ்சுகிறது. தேரைக்குக் குறிப்பிடத்தக்க தீங்கு செய்வதில்லை. ஆகவே, ஒட்டுண்ணி உண்டு என்பதாலேயே நோய் உண்டு எனக் கொள்ளுதல் பொருந்தாது.

எனினும், எல்லா ஒட்டுண்ணிகளும் இத்தகையன அல்ல. ராப்டியாஸ் என்னும் புழு நுரையீரலில் தங்கிக் குருதியை உண்கிறது. அதன் முட்டைகள் வாய்க்கு வந்து, விழுங்கப்பட்டு, குடல் வழியே வெளியேறுகின்றன. ஈரமண்ணில் வளரும் இளம்புழுக்கள் மற்றொரு தேரையின் தோலைத் துளைத்து நுழைகின்றன. ஐரோப்பியத் தேரைகளில் நடத்திய ஆய்வுகள், இப்புழு மிகுந்தால் இளந்தேரையின் வளர்ச்சி குன்றுவதைக் காட்டியுள்ளன.

இந்தச் சமநிலையை மனிதர் செயலும் குலைக்கக்கூடும். 1995இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் பள்ளி மாணவர்கள் கால் ஊனமுற்ற தவளைகளைக் கண்டனர். இச்செய்தி நாடெங்கும் கவனத்தை ஈர்த்தது. ரிபெய்ரோயா என்னும் தட்டைப்புழு தலைப்பிரட்டைகளைத் தாக்கி இத்தகைய ஊனத்தை விளைவிக்க வல்லது என்பதை 1999இல் ஆய்வொன்று மெய்ப்பித்தது. உரச்சத்து நீரில் மிகும்போது பாசி செழித்து, அதை உண்ணும் நத்தைகள் பெருகி, அவற்றில் வளரும் இப்புழுவும் பெருகுகிறது என்பது 2007இல் வெளியான ஆய்வின் முடிவு.

அதே புழுதான் இந்தியக் குளங்களிலும் உள்ளது என்பதன்று இதன் பொருள். வயலில் இட்ட உரம், வயலைக் கடந்தும் வினைபுரியும் என்பதே பாடம். காட்டுத் தேரைக்குப் புழுமருந்து கொடுத்தல் இயலாது. குளத்து நீரைக் காத்தல் இயலும். மண் பரிசோதனைக்கேற்ப உரமிடுவதும், மழைக்கு முன் உரமிடாதிருப்பதும், கரையோரப் புல்லைப் பேணுவதும் எளிய வழிகள். உழவர்க்கு இவற்றை உணர்த்தும் அலுவலர், தேரையுடன் குளத்தையும் காப்பவர் ஆவார்.