திருமுழுக்கு ஒன்று, கல்லறைத் தோட்டம் இரண்டா?



ஆண்டுதோறும் சனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்புக்காக நாம் செபிக்கிறோம். திருத்தூதர் பவுலின் மனமாற்ற விழாவோடு இவ்வாரம் நிறைவுறுகிறது. 1959-ஆம் ஆண்டு அதே விழா நாளில்தான் திருத்தந்தை 23-ஆம் யோவான், பொதுச்சங்கம் ஒன்றைக் கூட்டப்போவதாக அறிவித்தார். அச்சங்கம் 1964-இல் வெளியிட்ட ஒன்றிப்பு பற்றிய ஏடு, பிற சபைகளில் முறையாகத் திருமுழுக்குப் பெற்றவர்களும் ஆண்டவரில் நம் சகோதர சகோதரிகளே என்று கற்பித்தது.

எனவேதான், தென்னிந்தியத் திருச்சபையில் முறையாகத் திருமுழுக்குப் பெற்ற ஒருவர் கத்தோலிக்கத் திருஅவையில் இணைய விரும்பினால், நாம் அவருக்கு மீண்டும் திருமுழுக்கு அளிப்பதில்லை. ஒருமுறை பெற்றது என்றைக்கும் பெற்றதே. நாமும் பிற சபையினரும் சேர்ந்து உழைத்து உருவாக்கிய திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பும் 1995-இல் நம் கைக்கு வந்தது. இவற்றுக்காக நன்றி கூறுவோம்.

ஆனால், பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகம் நம்மை வேறொரு பக்கம் திருப்புகிறது. அங்கே பவுல் கட்சி, அப்பொல்லோ கட்சி, கேபா கட்சி என்று பிரிந்து நின்றவர்கள் வெவ்வேறு சபையினர் அல்லர். ஒரே ஊரில் ஒரே சபையாகக் கூடியவர்கள். ஆண்டவரின் திருவிருந்துக்கு வந்த இடத்திலேயே வசதியுள்ளோர் முந்தி உண்டனர். இல்லாதோர் பசியோடு இருந்தனர். இப்படி உண்பது ஆண்டவரின் விருந்தே ஆகாது என்று பவுல் கடிந்துகொள்கிறார்.

அன்பர்களே, நம் நிலை என்ன? திருமுழுக்குத் தொட்டி ஒன்று. பலிபீடம் ஒன்று. ஆனால் சில ஊர்களில் கல்லறைத் தோட்டம் மட்டும் சாதிக்கு ஒன்று. அல்லது நடுவே ஒரு சுவர். திருவிழாத் தேர் ஒரு தெருவுக்குள் போகிறது. இன்னொரு தெருவின் முனையிலேயே திரும்பிவிடுகிறது. கேட்டால், "காலங்காலமாக இருக்கும் வழக்கம், சாமி" என்கிறோம். திருவிழா சச்சரவின்றி முடிந்தால் போதும் என்று குருக்களாகிய நாமும் பலமுறை வாய்மூடி இருந்திருக்கிறோம். அதையும் ஆண்டவர் முன் அறிக்கையிடுவோம்.

அடுத்த சபையில் பெற்ற திருமுழுக்கை மதிக்கிறோம். நம் அருகிலேயே முழந்தாளிடும் சகோதரரின் திருமுழுக்கை மறுக்கலாமா? அவரோடு ஒரே அப்பத்தை உண்டுவிட்டு, அவர் உடலை ஒரே மண்ணில் வைக்க மறுத்தால், நம் ஒன்றிப்புச் செபத்தை உலகம் எப்படி நம்பும்?

இவ்வாரம் பக்கத்துச் சபையாரோடு அமர்ந்து செபிப்போம். நம் பங்கில் இறப்பு நேரும்போது, எந்தத் தெரு என்று பாராமல் துக்க வீட்டுக்குச் செல்வோம். சவப்பெட்டிக்குத் தோள் கொடுப்போம். நவம்பர் 2 அன்று மெழுகுதிரியோடு சுவரின் அந்தப் பக்கமும் போவோம். மெல்ல மெல்ல அந்தச் சுவருக்கே வேலை இல்லாமல் போகட்டும்.

ஆண்டவரே, பாடுகளுக்கு முந்தின இரவிலும் நாங்கள் ஒன்றாய் இருக்க மன்றாடினீரே, உம் மன்றாட்டுக்கு நாங்களே தடையாகாதபடி எங்களைக் காத்தருளும். ஆமென்.