பாட்டனாரும் பந்தாட்டமும்

(அம்பத்தூரில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



முன்னோரை நினைவுகூரும் இவ்வரங்கில் பேசுமாறு செயலாளர் எம்மைப் பணித்தனர். முன்னர்ப் பேசியோர் நிலம் ஈந்தோரையும் சத்திரம் கட்டினோரையும் போற்றினர். யாம் போற்றப் புகுவது எம் பாட்டனாரை. அவர் ஈந்த நிலமுமில்லை, கட்டிய சத்திரமுமில்லை. குடும்பம், கிரிக்கெட் என்னும் இரண்டின்மேலேயே அவர் உள்ளம் நின்றது.

இது வெள்ளையர் ஆட்டமென்று இகழ்வாரும் உளர். 1908-இல் காலமான புச்சிபாபு நாயுடு நம் நாட்டு இளைஞரைத் திரட்டி, ஐரோப்பியரோடு சமமாய் நின்று ஆடச் செய்தமையை அன்னோர் அறியார் போலும். 1934 நவம்பர் 4-இல் ரஞ்சிக் கோப்பையின் முதற்பந்தைச் சேப்பாக்கத்தில் வீசிய எம். ஜே. கோபாலன், பழைய செங்கற்பட்டு ஜில்லாவின் மொறப்பாக்கத்திற் பிறந்தவர். "நம் ஜில்லாக்காரன் வீசிய பந்து" என்று சொல்லுங்கால், தாமே வீசியவர்போலப் பாட்டனார் தோளை உயர்த்துவார்.

1949-இல் இவ்வூரில் நிறுவப்பெற்ற டி. ஐ. சைக்கிள் தொழிற்சாலையில் அவர் சக்கரம் கோக்கும் பணியில் இருந்தார். இளமையிற் கணவனை இழந்த தமக்கையும் அவர்தம் மக்கள் இருவரும் அவர் இல்லத்திலேயே வாழ்ந்தனர். தம் மக்களுக்கும் அவர்களுக்கும் ஒரே துணியில் சட்டை தைப்பித்தார். அவர் எழுதிய குறிப்பேடு எம்மிடம் உளது. ஒரு பக்கத்தில் அரிசி, மண்ணெண்ணெய், பள்ளிச் சம்பளம்; எதிர்ப்பக்கத்தில் ஓட்டக் கணக்கு. வெற்றிலை பாக்குச் செலவு ஓரிடத்தோடு நின்று, அதே திங்களில் "பந்து ஒன்று" என்று எழுதப்பட்டிருக்கின்றது. ஏன் நின்றதென்பதை எம் பாட்டியார் சொல்லியே அறிந்தோம்.

1952 பிப்ரவரி 10, ஞாயிற்றுக்கிழமை. அம்பத்தூரில் நீராவி வண்டி ஏறிச் சென்ட்ரலில் இறங்கிச் சேப்பாக்கத்துக்கு நடந்தே சென்றார். 1932 முதல் ஆடிவந்த இந்தியா, டெஸ்ட் பந்தயத்தில் முதன்முறை வென்ற நாள் அது. இங்கிலாந்தை ஓர் இன்னிங்ஸும் 8 ஓட்டமும் கொண்டு வீழ்த்திய அப்பந்தயத்தில் வினூ மன்கட் 12 விக்கெட் கொய்தார். அந்நாளைப் பாட்டனார் எத்தனை முறை உரைத்தாரோ, கணக்கில்லை. இரவுச் சோறு ஆறியதே மிச்சம்!

ஏரி வற்றுங் கோடையில் கரையோரத்தே தென்னைநார்ப் பாய் விரித்து, ஞாயிறுதோறும் சிறுவரை ஆட்டுவிப்பார். நம் பிள்ளைகளும் வந்தனர். காலனிப் பிள்ளைகளும் வந்தனர். குறிப்பேட்டில் பெயர்கள் மட்டுமே உள. யார் எக்குலம் என்று ஒரு வரியுமில்லை.

1972-இல் நம் பெரியோர் சிலர் இல்லத்துக்கு வந்து, "தம்பி, ஆட்டம் ஆடட்டும், தண்ணீர்க்குடம் பொதுவாக வேண்டா. உனக்கும் பெண் இருக்கின்றாள்" என்றனர். பாட்டனார் விடையொன்றும் கூறாது உள்ளே சென்றார். குடும்பமே உயிரென வாழ்ந்தவருக்கு அவ்விரவு எத்துணைக் கொடிதாயிருந்திருக்கும்! அடுத்த ஞாயிறன்று பாட்டியாரே குடத்தை இடுப்பில் ஏந்திச் சென்று, வரிசையில் நின்ற சிறுவர் அனைவர்க்கும் ஒரே செம்பால் வார்த்தார். எம் அத்தையாரின் திருமணம் மூன்றாண்டு தள்ளிற்று. அவர் இதோ, முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றார். அதற்காகத் தந்தையாரை ஒருநாளும் நொந்ததில்லை என்று கூறவே எமக்கு இசைவு தந்துள்ளார்.

பல்வங்கர் பாலு என்பார் 1911-இல் இங்கிலாந்து சென்று 114 விக்கெட் வீழ்த்தியவர். தீண்டப்படாதார் என ஒதுக்கப்பட்ட குலத்திற் பிறந்தமையால், பூனாவில் உடன் ஆடியோர் அவர்க்குத் தேநீரை வெளியே மண்குவளையிற் கொடுத்தனர். பந்தை மட்டும் அவர் கையிலிருந்து வாங்கத் தயங்கினாரில்லை! இக்கதையைப் பாட்டனார் எங்கோ படித்து எமக்குச் சொன்னார். தம் இல்லத்து நிகழ்ச்சியைச் சொன்னாரில்லை.

2004-இல் அவர் மறைந்தபொழுது, பாடை சுமந்தோர் நால்வருள் இருவர் அக்காலனிச் சிறுவர்; அப்பொழுது நரைத்த தலையினர். உறவினர் சிலர் விலகி நின்றமையையும் யாம் கண்டோம்.

சங்கக் கட்டடத்தின் பின்னுள்ள மனையை விளையாட்டிடமாக்கும் தீர்மானம் இன்று மாலை வருகின்றது. அதில் "நம் குலத்துச் சிறுவர்" என்றிருப்பதை "இவ்வூர்ச் சிறுவர்" என மாற்றுமாறு திருத்தம் ஒன்று எழுதிச் செயலாளரிடம் அளித்துள்ளோம். வழிமொழிபவர் எம் அத்தையார்.