பிங்கல்வாரா: ஒரு வீட்டின் கதை



ஊருக்கு ஊர் உண்டியல் இருக்கிறது. கோயிலில் உண்டியல் இருக்கிறது. தர்காவில் இருக்கிறது. மாதா கோயிலிலும் இருக்கிறது. கூலி வேலை செய்பவர்களும் அதில் காசு போடுகிறார்கள். கை எடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.

அந்தக் காசு எங்கே போகிறது? யாருடைய பசியைத் தீர்க்கிறது? யாருடைய புண்ணுக்கு மருந்து ஆகிறது? இப்படிக் கேட்பது தவறா? தவறே இல்லை. கேட்கத்தான் வேண்டும்.

இந்தக் கேள்விக்கு ஓர் ஊரில் நல்ல பதில் இருக்கிறது. அந்த ஊரின் பெயர் அமிர்தசரஸ். பஞ்சாப் மாநிலத்தில் இருக்கிறது. சீக்கியர்களின் பொற்கோயில் அங்கேதான் இருக்கிறது. அதே ஊரில் ஒரு பெரிய வீடும் இருக்கிறது. அதன் பெயர் பிங்கல்வாரா.

பிங்கலா என்றால் பஞ்சாபி மொழியில் கை கால் முடங்கியவர் என்று பொருள். அவர்கள் வாழும் இடம் பிங்கல்வாரா. அந்த வீடு எப்படி வந்தது? அந்தக் கதையைத்தான் இன்று கேட்கப் போகிறீர்கள்.

தாய் சொன்ன பாடம்

1904ஆம் ஆண்டு. பஞ்சாபில் லூதியானா மாவட்டம். ராஜேவால் என்ற கிராமம். அங்கே ஒரு பையன் பிறந்தான். ராம்ஜி தாஸ் என்று பெயர் வைத்தார்கள். இந்துக் குடும்பம்.

பையன் வளரும்போது குடும்பம் நொடித்துப் போனது. அவனுடைய தாய் மேத்தாப் கவுர். அவர் மனம் தளரவில்லை. பிறர் வீட்டில் பாத்திரம் தேய்த்தார். அந்தக் கூலியில் மகனைப் படிக்க வைத்தார்.

தாய் மகனுக்கு வேறு ஒரு பாடமும் சொல்லிக் கொடுத்தார். அது எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாடம். பாதையில் கல் கிடந்தால் எடுத்து ஓரமாகப் போடு. ஆணி கிடந்தால் எடுத்துவிடு. செடிக்குத் தண்ணீர் ஊற்று. பறவைக்குத் தீனி வை. இதுதான் அந்தப் பாடம்.

மகன் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினான். தோற்றுப் போனான். பாத்திரம் தேய்த்துப் படிக்க வைத்த தாய்க்கு எப்படி இருந்திருக்கும்? ஆனாலும் அவர் மகனைத் திட்டவில்லை. ஆறுதல் சொன்னார்.

படிப்பு அத்தோடு நின்றுவிட்டதா? இல்லை. பள்ளிக்கூடம்தான் நின்றது. லாகூரில் தயாள் சிங் நூலகம் இருந்தது. இளைஞரான ராம்ஜி தாஸ் அங்கே போய்ப் படித்தார். நாள்தோறும் படித்தார். மண்ணைப் பற்றிப் படித்தார். மரத்தைப் பற்றிப் படித்தார். நோயைப் பற்றிப் படித்தார். தேர்வு எழுதுவதற்காக அல்ல, தெரிந்துகொள்வதற்காகப் படித்தார்.

பந்தியில் கிடைத்த சோறு

இளம் வயதில் அவருக்கு ஓர் அனுபவம் ஏற்பட்டது. ஒரு கோயிலில் இடத்தைச் சுத்தம் செய்து கொடுத்தார். சாப்பாட்டு நேரம் வந்தது. அவரை ஒதுக்கி வைத்துவிட்டு மற்றவர்கள் சாப்பிட்டார்கள். வேறொரு நாள் ஒரு குருத்வாராவில் தங்கினார். குருத்வாரா என்பது சீக்கியர்களின் வழிபாட்டு இடம். அங்கே யாரும் அவரிடம் சாதி கேட்கவில்லை. உட்கார வைத்துச் சோறு போட்டார்கள்.

இந்தச் சோற்றுக்கு லங்கர் என்று பெயர். குரு நானக் தொடங்கி வைத்த வழக்கம் இது. அவர் 1469 முதல் 1539 வரை வாழ்ந்தவர். லங்கரில் எல்லோரும் ஒரே வரிசையில் தரையில் உட்காருகிறார்கள். பணக்காரர் பக்கத்தில் ஏழை உட்காருகிறார். எந்த மதத்தவரும் உட்காரலாம். எல்லோருக்கும் ஒரே சாப்பாடு. காசு கிடையாது. சமைப்பவர்களில் பலரும் சம்பளம் வாங்காத பக்தர்கள்தான். அதற்குச் சேவை என்று பெயர்.

சீக்கியர்களிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. பத்து ரூபாய் சம்பாதித்தால் ஒரு ரூபாயைப் பிறருக்குக் கொடுக்க வேண்டும். அதற்குத் தசவந்த் என்று பெயர். பத்தில் ஒரு பங்கு என்பது அதன் பொருள்.

இவையெல்லாம் அந்த இளைஞரின் மனத்தில் பதிந்தன. அவர் சீக்கிய மதத்தில் சேர்ந்தார். பூரண் சிங் என்று பெயர் வைத்துக்கொண்டார். பின்னாளில் மக்கள் அவரைப் பகத் பூரண் சிங் என்று அழைத்தார்கள். பகத் என்றால் பக்தர்.

வாசலில் விடப்பட்ட குழந்தை

லாகூரில் தேரா சாகிப் என்ற குருத்வாரா இருக்கிறது. பூரண் சிங் அங்கே பல ஆண்டுகள் தொண்டு செய்தார். கூட்டினார், துடைத்தார், தண்ணீர் சுமந்தார். சாலையில் அடிபட்டுக் கிடந்தவர்களை மருத்துவமனைக்குத் தூக்கிப் போனார்.

1934ஆம் ஆண்டு. அந்தக் குருத்வாரா வாசலில் யாரோ ஒரு குழந்தையை விட்டுவிட்டுப் போனார்கள். ஆண் குழந்தை. வயது ஏறத்தாழ நான்கு. கை கால் முடங்கிப்போன பிள்ளை. அவனால் நடக்க முடியாது. பேசவும் முடியாது.

பெற்றவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அவர்களுக்கு என்ன கஷ்டமோ? வீட்டில் எத்தனை வயிறோ? அது யாருக்கும் தெரியாது. அந்தக் குழந்தைக்கு இனி யார்? அன்று கேட்க வேண்டியிருந்த கேள்வி அது ஒன்றுதான்.

பூரண் சிங் அந்தக் குழந்தையை ஏற்றுக்கொண்டார். பியாரா சிங் என்று பெயர் வைத்தார். பியாரா என்றால் அன்புக்கு உரியவன். யாருக்கும் வேண்டாத பிள்ளைக்கு அவர் வைத்த பெயரைப் பாருங்கள்!

அன்று முதல் அந்தப் பிள்ளை அவர் முதுகில் இருந்தான். எங்கே போனாலும் சுமந்து போனார். குளிப்பாட்டினார். மலம் கழுவினார். சோறு ஊட்டினார். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல. ஏறத்தாழ 14 ஆண்டுகள் இப்படிச் சுமந்தார். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. அந்தப் பிள்ளைதான் அவருக்குக் குடும்பம்.

நாடு பிரிந்தபோது

1947ஆம் ஆண்டு இந்தியா விடுதலை பெற்றது. அதே வேளையில் நாடு இரண்டாகப் பிரிந்தது. லாகூர் பாகிஸ்தான் பக்கம் போனது. அமிர்தசரஸ் இந்தியாவில் நின்றது. இரண்டு ஊருக்கும் இடையே ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான். அந்தச் சிறு தூரத்தைக் கடக்கும்போது எத்தனையோ பேர் உயிர் இழந்தார்கள். இந்துக்கள் இறந்தார்கள். சீக்கியர்கள் இறந்தார்கள். முஸ்லிம்களும் இறந்தார்கள்.

பூரண் சிங் பியாராவைச் சுமந்துகொண்டு அமிர்தசரஸ் வந்து சேர்ந்தார். அங்கே கால்சா கல்லூரியில் அகதி முகாம் நடந்தது. ஆயிரக்கணக்கான மக்கள் அங்கே இருந்தார்கள். நடக்க முடிந்தவர்கள் சோறு வாங்கப் போனார்கள். நடக்க முடியாதவர்களுக்கு யார் சோறு கொண்டு வருவார்கள்? வயிற்றுப்போக்கில் கிடந்தவர்களின் துணியை யார் துவைப்பார்கள்?

பூரண் சிங் துவைத்தார். வீடு வீடாகப் போய்ச் சோறு கேட்டு வாங்கி வந்தார். அதை நோயாளிகளுக்கு ஊட்டினார்.

சில மாதங்களில் முகாமை மூடினார்கள். உறவு உள்ளவர்கள் உறவைத் தேடிப் போனார்கள். வேலை தேடியவர்கள் வேலைக்குப் போனார்கள். போக இடமில்லாத நோயாளிகள் மிஞ்சினார்கள். அவர்களோடு பூரண் சிங் தெருவுக்கு வந்தார். மரத்தடியில் தங்கினார்கள். ஆள் இல்லாத வீடுகளில் தங்கினார்கள். இப்படிச் சில ஆண்டுகள் கழிந்தன. பிங்கல்வாரா என்ற வீடு தெருவில் பிறந்த வீடு!

சில்லறைக் காசில் கட்டிய வீடு

பூரண் சிங்கிடம் சொத்து இல்லை. பதவி இல்லை. பட்டம் இல்லை. அவர் கதர் உடுத்தினார். மக்களிடம் போய்க் கை நீட்டினார். மக்கள் சில்லறை கொடுத்தார்கள். கோதுமை மாவு கொடுத்தார்கள். பழைய துணி கொடுத்தார்கள். குருத்வாராக்களில் பிங்கல்வாரா உண்டியல் வைக்கப்பட்டது.

வாங்கினால் மட்டும் போதுமா? 1957ஆம் ஆண்டு பிங்கல்வாரா ஒரு சங்கமாகப் பதிவு செய்யப்பட்டது. பதிவு செய்த சங்கம் என்றால் நிர்வாகக் குழு வேண்டும். வரவு செலவுக் கணக்கு வேண்டும். ஒரு மனிதரின் நல்ல மனம் அவரோடு போய்விடலாம். கணக்கும் சட்டமும் உள்ள சங்கம் அவருக்குப் பின்னும் நிற்கும். இதைப் பூரண் சிங் புரிந்து வைத்திருந்தார்.

அவர் இன்னொரு வேலையும் செய்தார். நூலகத்தில் படித்ததை எல்லாம் எழுதினார். சிறு சிறு தாள்களாக அச்சடித்தார். ஒரு பக்கம் பயன்படுத்திய தாளின் மறுபக்கத்திலும் அச்சடித்தார். பொற்கோயில் வாசலில் உட்கார்ந்து அதை மக்களுக்குக் கொடுத்தார். மரத்தை வெட்டாதீர்கள், மண் அரித்துப் போகும் என்று எழுதினார். காற்றும் தண்ணீரும் கெடுகின்றன என்று எழுதினார். இப்போது எல்லோரும் பேசுகிற செய்திகள் இவை. அவர் அப்போதே எழுதினார். பத்தாம் வகுப்பில் தோற்றவர் எழுதினார்!

1979ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்தது. 1984ஆம் ஆண்டு பொற்கோயிலுக்குள் ராணுவம் நுழைந்தது. அந்த வருத்தத்தில் விருதைத் திருப்பிக் கொடுத்தார். 1992ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் நாள் காலமானார்.

வீடு மூடப்பட்டதா? இல்லை. மருத்துவர் இந்தர்ஜித் கவுர் என்ற பெண்மணி பொறுப்பை ஏற்றார். 2008ஆம் ஆண்டு அவருக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது. அமிர்தசரஸ் பக்கத்தில் மானாவாலா என்ற ஊர் இருக்கிறது. அங்கே பிங்கல்வாராவின் பெரிய கிளை வளர்ந்தது. சிறப்புப் பள்ளி வந்தது. காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி வந்தது. காலை இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் இலவசமாகச் செய்து கொடுக்கிறார்கள். ரசாயன உரம் போடாத விவசாயமும் நடக்கிறது. சங்ரூர், ஜலந்தர், சண்டிகர் என்று கிளைகள் உண்டு. எல்லாக் கிளைகளிலும் சேர்த்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கிறார்கள். அவர்களில் எல்லா மதத்தவரும் உண்டு.

இது பெருமையா?

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஒரு பியாராவில் தொடங்கிய வீடு ஆயிரம் பேர் வீடாக வளர்ந்தது. இது பெருமைதான். ஆனால் வேதனையும்கூட. ஏன்? அங்கே ஒரு கட்டில் கூடுகிறது என்றால், எங்கோ ஒரு வீட்டுக் கதவு மூடிவிட்டது என்று பொருள்.

மாற்றுத் திறனாளிப் பிள்ளை பிறந்தால் சிலர் என்ன சொல்கிறார்கள்? போன பிறவிப் பாவம் என்கிறார்கள். தாயைக் குறை சொல்கிறார்கள். விருந்தாளி வந்தால் பிள்ளையை உள்ளே அடைத்து வைக்கிறார்கள். இது சரியா? நோய்க்கும் குறைபாட்டுக்கும் காரணம் பாவம் அல்ல. அது யாருடைய குற்றமும் அல்ல.

இதற்குச் சட்டமும் இருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது. 21 வகைக் குறைபாடுகளை அது ஏற்றுக்கொள்கிறது. குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் பல உரிமைகள் உண்டு. 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உண்டு. அரசு வேலையில் 4 சதவீத இட ஒதுக்கீடு உண்டு. இவை பிச்சை அல்ல. உரிமை.

இந்த உரிமையைப் பெற மருத்துவச் சான்று வேண்டும். அடையாள அட்டை வேண்டும். மாவட்ட அரசு மருத்துவமனையில் கேளுங்கள். விண்ணப்பத்தை நீங்களே படித்துப் பாருங்கள். நீங்களே கையெழுத்துப் போடுங்கள். படிக்கக் கற்றுக்கொண்டது இதற்கும்தான். பக்கத்து வீட்டுத் தாய்க்குப் படிக்கத் தெரியாதா? அவருக்குப் படித்துச் சொல்லுங்கள்.

சட்டம் எல்லாவற்றையும் செய்துவிடாது. சட்டம் பிள்ளைக்குச் சோறு ஊட்டாது. முதுகில் சுமக்காது. அதை மனிதர்கள்தான் செய்ய வேண்டும். உங்கள் தெருவில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் என்ன செய்யலாம்? ஒரு மணி நேரம் அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் தாய் குளிப்பார். கடைக்குப் போய் வருவார். சற்றே கண் அயர்வார். இதற்குக் காசு வேண்டாம். மனம் இருந்தால் போதும்.

உண்டியலில் காசு போடுங்கள். அது நல்ல பழக்கம். பெரிய நன்கொடை கொடுத்தால் ரசீது கேளுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை கணக்கைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். நேர்மையானவர்கள் கோபப்பட மாட்டார்கள். மகிழ்ச்சியாகக் காட்டுவார்கள்.

கடைசியாக மூன்று கேள்விகள். வீட்டுக்குப் போய்ப் பேசிப் பாருங்கள்.

உங்கள் ஊரில் வெளியே வராமல் வீட்டுக்குள்ளேயே இருக்கும் பிள்ளை யார்?

அந்தப் பிள்ளைக்கு அடையாள அட்டை இருக்கிறதா?

இந்த வாரம் அந்த வீட்டுக்கு யார் போகப் போகிறீர்கள்?