பல்வார் மாற்றிய பின் இயந்திரம் தடுமாறினால்



தொண்டைமானாற்றுத் தோட்டங்களில் வெங்காயமும் மிளகாயும் கிணற்று இறைப்பையே நம்பியுள்ளன. கோடையில் நீரிறைக்கும் இயந்திரம் சில நாள் நின்றாலும் பயிர் வாடும். ஆகவே, சில பெற்றோல் இயந்திரங்களில் 'ரைமிங் பெல்ற்' எனப்படும் பல்வாரை மாற்றியபின் தோன்றும் கோளாற்றைப் பற்றிக் கூற விரும்புகின்றேன்.

முன்பு நன்றாக ஓடிய இயந்திரம், வார் மாற்றியபின் இலகுவில் இயங்கத் தொடங்காமலும், மெதுவோட்டத்தில் நடுங்கி நின்றும் போகின்றதா? உடனே கார்புரேட்டர் திருகாணியைத் தொடாதீர்கள். முதலிற் குறிகளைப் பாருங்கள். கிராங்க் தண்டு இருமுறை சுழலும்போது காம் தண்டு ஒருமுறை சுழலும். வார் ஒரு பல் தவறி ஏறினும் வால்வுகள் உரிய வேளையில் திறந்து மூடா.

பிளக்கைக் கழற்றிவிட்டு, கிராங்க் தண்டை ஓடும் திசையிற் கையால் மெதுவாக இருமுறை சுற்றுங்கள். இரு சக்கரங்களின் குறிகளும் மீண்டும் தத்தம் இடத்தில் நேர்ப்படல் வேண்டும். இடையில் தடுத்தால் வலிந்து சுற்றாதீர்கள். பிஸ்டன் முட்டி வால்வு வளையக்கூடும்.

குறிகள் சரியாயிருந்தும் குறை தீராவிடின், கழற்றிய குழாய்களும் பிளக் கம்பியும் இறுக மாட்டப்பட்டுள்ளனவா என நோக்குங்கள். அதன் பின்னரே கார்புரேட்டரைத் திருத்துங்கள். வாருக்குப் பதிலாகப் பற்சக்கரம் உள்ள இயந்திரங்களுக்கும் குறிபார்க்கும் முறை இதுவே.

இனிமேல் வாரைக் கழற்றுமுன் குறிகளின்மேல் வெள்ளை வர்ணம் இட்டுக்கொள்ளுங்கள். இறைப்பு நாள் தவறாது.