கொல்லன் கடனும் குடிமக்கள் கடனும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



புறநானூற்றின் 312ஆம் பாடல் தமிழ் பயின்றோர் பலரும் அறிந்தது. பொன்முடியார் பாடிய அச்சிறு பாட்டு, மறக்குடித் தாய் ஒருத்தியின் கூற்றாக அமைந்தது. ஒரு வீரன் உருவாவதில் யார் யாருக்கு என்னென்ன கடமை உண்டு என்பதை அது பகுத்துரைக்கிறது. மகனைப் பெற்று வளர்ப்பது தாயின் பொறுப்பு. அவனைப் பண்பாளனாக்குவது தந்தையின் பொறுப்பு. அவனுக்குரிய வேலைச் செய்து தருவது கொல்லனின் பொறுப்பு. அவனைப் பேணுவது வேந்தனின் பொறுப்பு. களத்தில் யானையை வீழ்த்தி மீள்வது அவ்விளைஞனின் பொறுப்பு. ஆக, ஐவருக்கு ஐந்து கடன்கள்.

இப்பாடலைப் போற்றாத இலக்கிய மேடை அரிது. ஆயினும் அந்தப் போர் எதற்காக, அதனை முடிவு செய்தவர் யார் என்ற வினாக்கள் அம்மேடைகளில் பெரும்பாலும் எழுவதில்லை. பாடலிலும் அவற்றிற்கு இடமில்லை. முடியாட்சியில் போர் வேந்தனுடையது; அதனை அவன் முடிவு செய்தால் போதும். குடியாட்சியிலோ வேந்தன் இருந்த இடத்தில் வாக்களிக்கும் குடிமக்கள் இருக்கின்றனர். எனவே பொன்முடியாரின் பட்டியலில் ஆறாவதாக ஒரு கடன் சேர்கிறது. படை எதற்கு, எங்கே, எந்த முறையில், எவ்வளவு செலவில் என்று கேட்கும் கடன் அது. அக்கடனின் இயல்பை ஆவடி, அம்பத்தூர், பூவிருந்தவல்லி ஆகிய மூன்று ஊர்களின் வரலாற்றைக் கொண்டே விளக்குவது இவ்வுரையின் நோக்கம்.

தொண்டை நாட்டுப் பட்டறை

ஆவடி என்னும் பெயர், கவச ஊர்திகளையும் கிடங்கையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளால் ஆனது என்று ஒரு கதை வழங்குகிறது. டாங்கித் தொழிற்சாலை 1961இல் தோன்றியது. அதற்கு ஆறாண்டுகள் முன்னதாக, 1955 சனவரியில், இந்திய தேசியக் காங்கிரசின் பேரவை ஆவடியில் கூடிச் சமதர்மப் பாங்கான சமுதாயமே நாட்டின் குறிக்கோள் எனத் தீர்மானம் இயற்றியது. ஆதலின் அக்கதை பொருந்தாது. எனினும், ஊரின் பெயரே படைக்கலத்தின் பெயர் என மக்கள் நம்பும் அளவுக்கு ஊரும் தொழிற்சாலையும் ஒன்றிவிட்டன என்பதற்கு அது சான்று. வறுமை ஒழிப்பைப் பற்றி முழங்கிய மண்ணிலேயே படைக்கலப் பட்டறையும் எழுந்தது. இரண்டும் ஒரே மக்களாட்சியின் செயல்களே.

விக்கர்ஸ் என்னும் ஆங்கிலேய நிறுவனத்துடன் செய்துகொண்ட உடன்படிக்கையின் பயனாக, விசயந்தா டாங்கி 1965இல் ஆவடியிலிருந்து வெளிவந்தது. பின்னர் உருசிய நாட்டு வடிவமைப்பைக் கொண்ட அஜேயா, பீஷ்மா என்பவை வந்தன. உள்நாட்டிலேயே வடிவமைக்கப்பெற்ற அர்ஜூன் டாங்கியின் கதை தனியே நோக்கத்தக்கது. 1974இல் அத்திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தபோது ஒதுக்கப்பெற்ற தொகை 15.5 கோடி ரூபாய். அது பின்னர் 300 கோடியைத் தாண்டியது. படையிடம் முதல் தொகுதி ஒப்படைக்கப்பெற்றது 2004இல். இடையில் முப்பது ஆண்டுகள். மேம்படுத்தப்பட்ட வடிவம் 2021 பிப்ரவரி 14 அன்று சென்னையில் படையிடம் அளிக்கப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் 118 டாங்கிகளுக்கு 7,523 கோடி ரூபாய் மதிப்பில் ஆணை பிறந்தது. இவ்வெண்களைப் பழிப்பதற்காகவோ புகழ்வதற்காகவோ இங்கே கூறவில்லை. தணிக்கை அலுவலரும் நாடாளுமன்றக் குழுக்களும் கேட்டதனால்தான் இக்கணக்குகள் குடிமக்களின் பார்வைக்கு வந்தன. ஆறாவது கடனின் முதற்படி கணக்குக் கேட்டல் எனலாம்.

புறநானூற்றுக் கொல்லன் தன் ஊர் இளைஞனுக்கு வேல் செய்தான். அதனை ஏந்துபவன் முகத்தையும் அவன் தாயையும் அறிந்திருந்தான். வேல் முறிந்து மீண்டும் பட்டறைக்கு வரும்போது போரின் கடுமை அவன் கையில் தெரிந்தது. இக்காலக் கொல்லனுக்கு அந்த அறிவு வாய்ப்பதில்லை. அம்பத்தூரின் சிறுதொழிற்கூடம் ஒன்றில் கடைசல் எந்திரத்தின் முன் நிற்பவர் ஓர் உருளையைக் கடைகிறார். அவ்வுருளை போய்ச் சேரும் ஊர்தி இராசத்தான் பாலையில் ஓடுகிறதா, லடாக்கின் பனிமலையில் நிற்கிறதா என்பதை அவர் அறியார். ஓ.சி.எஃப். என வழங்கும் படையுடைத் தொழிற்சாலையில் தைக்கப்படும் சட்டை எந்த வீரனின் உடலைப் போர்த்தும் என்பதும் தைப்பவருக்குத் தெரியாது. கருவி செய்வோனுக்கும் களத்துக்கும் இடையே இவ்வளவு தொலைவு ஏற்பட்டமையே தற்காலப் போரின் முதல் மாற்றம்.

படையின் வாய்மூடலும் அதன் பொருளும்

இந்திய அரசமைப்பின் 53ஆம் உறுப்பு, படைகளின் தலைமையைக் குடியரசுத் தலைவரிடம் வைத்து, அதனைச் சட்டத்தின் வழியே செலுத்த வேண்டும் என்கிறது. 33ஆம் உறுப்பு, படையினரின் அடிப்படை உரிமைகளைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை நாடாளுமன்றத்துக்கு அளிக்கிறது. அதன்படி, படைவீரர் வாக்களிக்கலாம். ஆனால் சங்கம் அமைக்கவோ, அரசியல் மேடை ஏறவோ, தம் எண்ணத்தை இதழ்களில் விருப்பம்போல் எழுதவோ இயலாது.

இக்கட்டுப்பாடு கடுமையானதே. எனினும் அதன் தேவையை அண்டை நாடுகளின் வரலாறு உணர்த்துகிறது. பாகிஸ்தானில் 1958, 1977, 1999 ஆகிய ஆண்டுகளில் படைத்தலைவர்கள் ஆட்சியைக் கைப்பற்றினர். பர்மாவில் 1962இலும் 2021இலும் அதுவே நிகழ்ந்தது. படை பேசத் தொடங்கிய நாடுகளில் குடிமக்கள் பேச முடியாமற் போயினர். இந்தியாவில் அவ்வாறு நிகழாமைக்குப் படையின் அடக்கமும் ஒரு காரணம்.

ஆனால் அந்த அடக்கம் ஓர் ஒப்பந்தத்தின் ஒரு பாதி மட்டுமே. வீரன் பேசாதிருக்கக் கடமைப்பட்டவன் என்றால், அவனைப் பற்றியும் அவனுக்காகவும் பேசக் குடிமகன் கடமைப்பட்டவன். முன்னைய பாதி நடைபெற்றுப் பின்னைய பாதி நடைபெறாவிடின், வீரன் ஏவியவரின் கையில் வெறுங்கருவியாகிவிடுவான்.

பொன்முடியார் பாட்டில் வேந்தனின் கடனைச் சுட்டும் இடத்தில் ஒரு பாடவேறுபாடு உண்டு. ஒரு பாடத்தின்படி வேந்தன் தர வேண்டியது நல்லொழுக்கம். மற்றொரு பாடத்தின்படி நல்ல வயல்நிலம். உரையாசிரியர்கள் இரண்டில் ஒன்றைக் கொள்வர். குடியாட்சிக்கு இரண்டும் வேண்டும். வீரனுக்கு வாழ்வூதியமும் தேவை. அவனைச் செலுத்தும் ஆணை அறத்தின்பாற்பட்டதாகவும் இருத்தல் தேவை. 2022இல் வந்த அக்னிபாத் திட்டத்தின்படி, சேர்பவருள் கால்பங்கினர் வரையே நான்கு ஆண்டுகளுக்குப் பின்னும் படையில் நீடிக்க இயலும். அது குறித்து எழுந்த வாதமும் இவ்வேந்தன் கடனைப் பற்றிய வாதமேயாகும்.

யாழ்ப்பாணமும் பூவிருந்தவல்லியும்

கேட்கும் கடன் உரிய காலத்தில் நிறைவேறாதபோது விளையும் தீமைக்குத் தமிழர் வரலாற்றிலேயே சான்று உள்ளது. 1987 சூலை 29 அன்று கொழும்பில் இந்திய–இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அமைதி காக்கச் சென்ற இந்தியப் படை, அவ்வாண்டு அக்டோபரில் விடுதலைப் புலிகளுடன் போரில் இறங்கியது. படையை வெளிநாட்டுக்கு அனுப்ப நாடாளுமன்றத்தின் முன்னொப்புதல் வேண்டும் என இந்திய அரசமைப்பு விதிக்கவில்லை. விவாதம் படைக்குப் பின்னால் சென்றது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் மாண்டனர். ஈழத்துப் பொதுமக்களின் இழப்போ பெரிது. யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் 1987 அக்டோபர் 21, 22 ஆகிய நாள்களில் மருத்துவரும் செவிலியரும் நோயாளரும் கொல்லப்பட்டனர்.

1990 மார்ச் 24 அன்று கடைசி அணி திரிகோணமலையிலிருந்து வெளியேறிச் சென்னை மீண்டபோது, முதலமைச்சர் கலைஞர் மு. கருணாநிதி வரவேற்புக்குச் செல்லவில்லை. தமிழர் துயரத்தை அவர் பொருட்படுத்தியமைக்கு அது அடையாளம் என்பர் ஒரு சாரார். கட்டளைக்குப் பணிந்த வீரருக்கு அது இழுக்கு என்பர் மற்றொரு சாரார். இரண்டு கூற்றிலும் உண்மை உண்டு. ஏவப்பட்டவன் என்பதனால் களத்தில் இழைத்த கொடுமையின் பொறுப்பு ஒருவனை விட்டு நீங்காது. அதேபோல், வீரனைக் குறை கூறுவதனால் ஏவியவரின் பொறுப்பும் நீங்காது. துறைமுகத்தில் கேட்க வேண்டிய கேள்வியன்று அது. கப்பல் புறப்படும் முன்னர் அவையில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

அக்காலத்தில் அக்கடனைக் களத்திலேயே நின்று ஆற்றியவர் இராஜனி திராணகம. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவில் உடற்கூற்றியல் கற்பித்த அவர், சக ஆசிரியர் மூவரோடு இணைந்து 'முறிந்த பனை' என்னும் நூலை உருவாக்கினார். இந்தியப் படையின் செயல்களையும் இயக்கங்களின் செயல்களையும் ஒரே அளவுகோலால் அளந்த நூல் அது. 1989 செப்டம்பர் 21 அன்று அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆறாவது கடனுக்கு உயிர்விலை கொடுத்தவர் அவர்.

அப்போரின் நிழல் மேற்குச் சென்னைப் புறநகர் வரை நீண்டது. 1991 மே 21 அன்று திருப்பெரும்புதூரில் முன்னாள் தலைமை அமைச்சர் இராஜீவ் காந்தியும் வேறு பலரும் குண்டுவெடிப்பில் மாண்டனர். வழக்கு, தடா சட்டத்தின்கீழ்ப் பூவிருந்தவல்லித் தனி நீதிமன்றத்தில், பொதுமக்கள் பார்வைக்கு அப்பால் நடைபெற்றது. 1998 சனவரி 28 அன்று, குற்றஞ்சாட்டப்பெற்ற 26 பேருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் அவ்வழக்குக்குத் தடா பொருந்தாது எனக் கூறி, நால்வருக்கு மட்டும் மரண தண்டனையை உறுதி செய்தது. மூவருக்கு வாழ்நாள் சிறை அளித்தது. 19 பேரைத் தூக்குக் கயிற்றிலிருந்து விடுவித்தது. நாட்டின் முன்னாள் தலைமை அமைச்சரைக் கொன்ற வழக்கிலும் மீண்டும் ஒருமுறை கேட்பதற்கு இடமிருந்தது. அவ்விடம் இருந்தமையால் 22 உயிர்கள் எஞ்சின. கேட்டல் என்பது வெறும் சொல்லாடல் அன்று என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

கொல்லனின் நா

வீரன் மௌனமாக இருக்க வேண்டியவன் என்பது விளங்கும். கொல்லனும் மௌனமாக இருக்க வேண்டியவனா? இவ்வினா 2021இல் ஆவடியின் வாயில்களில் எழுந்தது.

அதற்கு முன், 2019 ஆகஸ்டு 20 அன்று நாடெங்கும் உள்ள படைக்கலத் தொழிற்சாலைகளின் தொழிலாளர், அவற்றை நிறுமங்களாக மாற்றும் முயற்சியை எதிர்த்து வேலைநிறுத்தம் தொடங்கிச் சில நாள்களில் நிறுத்திவைத்தனர். 2021 சூனில் ஒன்றிய அமைச்சரவை அம்மாற்றத்துக்கு ஒப்புதல் அளித்தது. அம்மாத இறுதியில் வந்த அவசரச் சட்டமும், ஆகஸ்டில் அவைக் கூச்சலுக்கிடையே நிறைவேறிய இன்றியமையாப் பாதுகாப்புப் பணிகள் சட்டமும் இத்தொழிற்சாலைகளில் வேலைநிறுத்தத்தைத் தடைசெய்ய அரசுக்கு அதிகாரம் அளித்தன. தடையை மீறிக் கலந்துகொள்வோருக்கு ஓராண்டு வரை சிறையும், தூண்டுவோருக்கு ஈராண்டு வரை சிறையும் வரையறுக்கப்பட்டன. அது நிலையான சட்டமன்று. குறித்த காலத்துக்கு மட்டும் இயற்றப்பட்டது. 2021 அக்டோபர் 1 முதல் 41 தொழிற்சாலைகள் ஏழு நிறுமங்களாயின. டாங்கித் தொழிற்சாலை, ஆவடியையே தலைமையிடமாகக் கொண்ட கவச ஊர்தி நிறுமத்தின்கீழ் வந்தது.

எல்லையில் பகை நிற்கும்போது படைக்கல உற்பத்தி தடைப்படலாகாது என்பது அரசின் வாதம். அதனை எளிதில் தள்ளிவிட இயலாது; அவ்வாண்டுக்கு முந்தைய சூனில்தான் கல்வான் பள்ளத்தாக்கில் இருபது இந்திய வீரர்கள் உயிர் துறந்தனர். ஆயினும், வேலைநிறுத்தம் என்பது உலையை அணைப்பது மட்டுமன்று. உலையின் எதிர்காலம் பற்றித் தொழிலாளி சொல்லும் ஒரே உரத்த சொல்லும் அதுவே. கொல்லனின் வாயைக் கட்ட வேண்டிய நெருக்கடி உண்மையில் இருந்ததா என்பதை ஆய்ந்து முடிவு செய்யும் இடம் நாடாளுமன்றம். அந்த ஆய்வுக்கு அங்கே போதிய நேரம் கிடைக்கவில்லை. சட்டத்தின் நன்மை தீமையைவிட அந்த நேரமின்மையே வருந்தத்தக்கது.

காணாத களமும் கவிஞர் கடனும்

போரின் முகம் மேலும் மாறிவருகிறது. 2022இல் தொடங்கிய உக்ரைன் போரில், பல கோடி விலையுள்ள டாங்கியைச் சிறிய ஆளில்லா வானூர்தி ஒன்று அழித்துவிடுவதை உலகம் கண்டது. டாங்கியின் தலைமேல் இரும்புவலைக் கூண்டு கட்டி அதனைக் காக்க முயன்றனர். 2025 மே 7 முதல் 10 வரை இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே நிகழ்ந்த மோதலிலும் ஏவுகணைகளும் ஆளில்லா வானூர்திகளுமே முன்நின்றன. அந்நான்கு நாள்களில் கைப்பேசித் திரைகளில் உண்மைப் படங்களோடு பொய்ப் படங்களும் பெருகின. பழைய போர்க் காட்சிகளும் கணினி விளையாட்டுக் காட்சிகளும்கூட நடப்புச் செய்தியாக உலவின. போர் நான்கு நாள்களில் முடிந்துவிடுமெனில், கேட்கும் கடனை ஆற்றப் போர்க்காலத்தில் நேரமிராது. அமைதிக் காலத்திலேயே அதனை ஆற்றியிருக்க வேண்டும். 2025–26ஆம் ஆண்டு ஒன்றிய வரவு செலவுத் திட்டத்தில் பாதுகாப்புக்கு ஒதுக்கிய தொகை 6.81 இலட்சம் கோடி ரூபாய். அத்தொகையில் என்ன வாங்குவது, டாங்கியா, வானூர்தியா, அவற்றை இயக்குவோருக்கு என்ன தருவது என்பன படைத்தலைவர் மட்டும் அறிய வேண்டிய செய்திகள் அல்ல.

இதில் கவிஞருக்கு இடமுண்டா என ஐயுறுவோர் புறநானூற்றின் 95ஆம் பாடலை நோக்குதல் நன்று. ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்றபோது, அவன் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமிதத்துடன் காட்டினான். ஔவை அதனைப் பழிக்கவில்லை. புகழ்வது போலவே பேசினார். இங்குள்ள கருவிகள் மயிற்பீலியும் மாலையும் சூடி, நெய் பூசப்பெற்று, காவலோடு பொலிகின்றன. அதியமானின் கருவிகளோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து, கொல்லனின் சிறு பட்டறையில் கிடக்கின்றன என்றார். அணிவகுப்பில் மின்னும் கருவியைக் கண்ட கண், பட்டறையில் முறிந்து கிடக்கும் கருவியையும் காண வேண்டும் என்பதே அத்தூதின் கருத்து.

தொண்டை நாட்டு மன்னனிடம் சொல்லப்பட்ட சொல் அது. அதே தொண்டை நாட்டு மண்ணில், ஆவடியில், படைக்கலங்கள் இன்றும் உருவாகின்றன. பகலில் எந்திரத்தின் முன் நிற்பவர் மாலையில் கவியரங்கில் நிற்பது இப்பகுதிக்குப் புதிதன்று. ஆயினும் நிலவையும் மழையையும் பாடிய அளவுக்குத் தெருமுனையில் நிற்கும் தொழிற்சாலை வாயிலைத் தமிழ்க்கவிதை பாடவில்லை. படையை வாழ்த்தும் பாட்டும் போரை வெறுக்கும் பாட்டும் தமிழில் நிரம்ப உள்ளன. இவ்விரண்டுக்கும் இடையே, கேட்கும் பாட்டுக்கு இடம் காலியாக இருக்கிறது. தாயும் தந்தையும் கொல்லனும் வீரனும் தத்தம் கடனை ஆற்றிவருகின்றனர். அவர்கள் கேட்க இயலாதவற்றைக் கேட்பது எஞ்சியோர் கடன். பத்தாண்டு நிறைவு காணும் இவ்வட்டத்தின் அடுத்த பத்தாண்டுத் தொகுப்புகளில் அத்தகைய கவிதைகள் இடம்பெறுமாயின், பொன்முடியாரின் பட்டியலோடு அவை ஒரு வரியைச் சேர்த்தவையாகும்.