முதலில் வாசல், பிறகுதான் கோலம்

(மெர்போக் வட்டார மூத்தோர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



காலையில் எழுந்து, குளித்து, உடுத்தி இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். சிலருக்கு இது சாதாரண வேலை. சிலருக்கு இன்று இதைச் செய்து முடிப்பதே பெரிய பாடாக இருந்திருக்கும். அவர்களை மனத்தில் வைத்துத்தான் பேச வந்திருக்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. சுகாதாரத் துண்டுப் பிரசுரங்களைத் தமிழில் எழுதிக் கொடுப்பவள். உடம்பைப் பற்றி இங்கே நான் சொல்வது மருத்துவர்கள் சொல்லிக் கொடுத்தது. சொற்கள்தான் என்னுடையவை.

ஒன்றைக் கேட்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனமில்லை. தொலைக்காட்சி ஓடுகிறது, எதையும் பார்ப்பதில்லை. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது. ரசம் வைக்கக்கூட அலுப்பு. வீட்டில் பிள்ளைகள் இதற்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள்: சோம்பேறித்தனம்.

அந்தப் பெயர் சரியில்லை. முப்பது வருடம் விடியுமுன் எழுந்து பெரட்டுக்குப் போனவர்களை, இருட்டில் நிரை பிடித்துப் பால் மரம் வெட்டியவர்களை, திடீரென்று சோம்பேறிகள் என்றால் யார் நம்புவது? அன்றைக்கு உங்களை எழுப்பியது உங்கள் உற்சாகம் மட்டும் இல்லை. பெரட்டு எழுப்பியது. கங்காணியின் குரல் எழுப்பியது. பக்கத்து வீட்டு அக்கா வாளியை எடுக்கும் சத்தம் எழுப்பியது. இன்றைக்கு மனமிருக்கிறதா என்று யாரும் உங்களைக் கேட்கவில்லை, நீங்களும் கேட்டுக்கொள்ளவில்லை. பிறகு வயது வந்தது. பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறின, சில வீடமைப்புப் பகுதிகளாயின. லயத்தை விட்டுத் தாமான் வீட்டுக்கு வந்தீர்கள். கேட் பூட்டியிருக்கிறது, பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது. கூடவே கணவரோ மனைவியோ போய்விட்டால் கேட்கவே வேண்டாம். நாளை நடத்திக் கொடுத்த கயிறுகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்துவிட்டன.

என் அத்தைக்கு இப்படித்தான் ஆனது. மாமா இறந்து ஒரு வருடம் இருக்கும். நான் அவரை ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். அத்தை என்னிடம், “ஒரே அசதியா இருக்கும்மா, எதுலயும் மனசு போகல” என்றார். நான் டாக்டரிடம் மலாயில் ‘பாடான் பெனாட்’ என்று சொன்னேன். உடம்பு களைப்பு, அவ்வளவுதான். மொழி படித்துப் பட்டம் வாங்கியவள் நான். அத்தை சொன்னதில் பாதியை மேசையிலேயே விட்டுவிட்டு வந்தேன். சத்து மாத்திரையோடு வீடு திரும்பினோம். அடுத்த முறை போவதற்கு ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதமும் அவர் வாசலில் கோலம் போடவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இரண்டாவது தடவை முழுவதையும் சொன்னேன். அந்த டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தார், அத்தையின் நாள் எப்படிப் போகிறது என்றும் நிதானமாகக் கேட்டார். முன்பு செய்து இப்போது செய்யாமல் விட்டது என்ன என்று கேட்டார். கோலம் என்றார் அத்தை. ‘கோலம் வேண்டாம். நாளைக் காலையில் வாசலில் தண்ணீர் மட்டும் தெளியுங்கள்’ என்றார் அவர். அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதுவா வைத்தியம்?

இதுவும் வைத்தியம்தான். 1970களில் பீட்டர் லெவின்சோன் என்ற அமெரிக்க உளவியலாளர், மனச்சோர்வில் இருப்பவர்கள் தங்களுக்குப் பிடித்த காரியங்களைக் குறைத்துக்கொண்டே போவதைக் கவனித்தார். செய்வது குறைந்தால் மகிழ்ச்சி குறைகிறது, மகிழ்ச்சி குறைந்தால் செய்வது இன்னும் குறைகிறது. மனம் வரட்டும், பிறகு செய்யலாம் என்று காத்திருந்தால் அந்த வட்டம் உடையாது. சின்னதாக ஒன்றைச் செய்யத் தொடங்கினால் மனம் பின்னாலேயே வருகிறது. இந்த அடிப்படையில் வளர்ந்த சிகிச்சை இன்று பல நாடுகளில் வழக்கத்தில் இருக்கிறது.

உங்களுக்கு இதை விளக்க லெவின்சோன் தேவையில்லை, பால் மரமே போதும். நெடுநாள் வெட்டாமல் விட்ட மரத்தை மறுபடி வெட்டினால் முதல் நாள் என்ன வரும்? கெட்டியாகக் கொஞ்சம் கசிந்து நின்றுவிடும். மங்கின் அடிகூட நனையாது. அதற்காக மரம் செத்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. தொடர்ந்து வெட்டினால்தான் பால் இளகி ஓடத் தொடங்கும். 1890களில் சிங்கப்பூர் பூங்காவில் ரிட்லி துரை செய்த ஆய்வுகளுக்குப் பிறகு இது புத்தகத்திலும் ஏறியது. இன்னொன்றும் உங்களுக்குத் தெரியும். பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். ஆசைப்பட்டு ஆழமாக வெட்டினால் மரம் கெடும். இலை உதிரும் மாதங்களில் பால் குறையும், அப்போது மரத்தை வற்புறுத்துவதில்லை.

ஆகவே உங்கள் முதல் வேலை, சொன்னால் மற்றவர் சிரிக்கும் அளவுக்குச் சிறியதாக இருக்கட்டும். ‘நாளையிலிருந்து தினமும் ஒரு மணி நேரம் நடக்கிறேன்’ என்பது ஆழமான வெட்டு. மூன்றாம் நாள் முட்டி வலிக்கும், நான்காம் நாள் நாற்காலி. காலைக் கோப்பி குடித்த கையோடு கேட் வரைக்கும் போய்த் திரும்புங்கள், போதும். கோப்பியோடு சேர்த்துக் கட்டிவிட்டால் தனியாக ஞாபகம் வைக்க வேண்டாம். கறிவேப்பிலைச் செடிக்கு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றலாம். பழைய தோட்டத்துச் சிநேகிதிக்கு ஒரு போன் போட்டு இரண்டு நிமிடம் பேசலாம். கோயிலில் பூசை முடியும்வரை இருக்க முடியாதா? கும்பிட்டுவிட்டு உடனே திரும்புங்கள், சாமி கோபிக்காது.

முன்பெல்லாம் ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது நடந்தால்தான் அது உடற்பயிற்சிக் கணக்கில் சேரும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்லிவந்தது. 2020இல் அந்த வரம்பை எடுத்துவிட்டது. வாரத்துக்கு 150 நிமிடம் என்ற இலக்கு இருக்கிறது, ஆனால் இரண்டு நிமிடம் நடந்தாலும் அது கணக்கில் உண்டு. வெயில் ஏறுமுன் நடங்கள், பிடிமானமுள்ள செருப்பைப் போடுங்கள்.

செய்த நாளுக்கு நாள்காட்டியில் ஒரு கோடு போடுங்கள், கிராணி செக்ரோலில் பெயர் பதிவது போல. பாதி செய்தாலும் கோடு போடலாம். செய்யாத நாளுக்கு ஒன்றும் எழுத வேண்டாம். மறுநாள் நிரை அங்கேயேதான் இருக்கும்.

பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் ஒரு வார்த்தை. அம்மா பாவம் என்று எல்லா வேலையையும் நீங்களே வாங்கிச் செய்யாதீர்கள். வெங்காயம் உரிப்பதையாவது அவரிடம் விட்டுவையுங்கள். ‘எழுந்து நடங்களேன்’ என்று நாற்காலியிலிருந்தே சொல்வதைவிட, செருப்பை மாட்டிக்கொண்டு கூட நடப்பது நல்லது.

இனிச் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். எல்லா அலுப்பும் சின்ன வேலைகளால் தீராது. தைராய்டு குறைந்தாலும், ரத்தம் குறைந்தாலும் இதே அசதி வரும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடம் சாப்பிடுபவர்களில் சிலருக்கு வைட்டமின் பி12 குறையும், அப்போதும் சோர்வு வரும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள். காது சரியாகக் கேட்காததால் பேச்சை விட்டு ஒதுங்குபவர்களும் உண்டு.

மனச்சோர்வு நோயும் இருக்கிறது. மலேசியாவில் 2018இல் முதியோரிடம் நடத்திய தேசிய சுகாதார ஆய்வில், நூற்றுக்குச் சுமார் 11 பேரிடம் அதன் அறிகுறிகள் தெரிந்தன. இந்த மண்டபத்தில் எத்தனை பேர் இருக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு வாரமாகப் பெரும்பாலான நாட்கள் மனம் கனத்திருந்தாலோ, பிடித்தது எதிலும் நாட்டமில்லாமல் போனாலோ கிளினிக்குக்குப் போங்கள். சாவதே மேல் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் ஹீல் உதவித் தொலைபேசி எண் 15555. உயிருக்கு ஆபத்து என்றால் 999.

அத்தையைப் பற்றிக் கேட்பீர்கள். முதல் வாரம் தண்ணீர் தெளித்ததோடு சரி, அதிலும் இரண்டு நாள் விட்டுப்போனது. மூன்றாவது வாரம், சும்மா ஈரமாகக் கிடக்கிறதே என்று நான்கு புள்ளி வைத்தாராம். இப்போதும் சில நாள் வாசல் வெறுமையாகத்தான் இருக்கிறது. கிளினிக்குக்கு மாதம் ஒருமுறை போய்வருகிறார்.

டாக்டரிடம் போகும்போது ‘பாடான் பெனாட்’ என்பதோடு நிறுத்தாதீர்கள். ‘ஹிலாங் மினாட்’ என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். நாட்டம் போய்விட்டது என்று பொருள். எத்தனை வாரமாக, என்னென்ன செய்யாமல் விட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள். இந்தச் சொற்களை ஒரு தாளில் பெரிய எழுத்தில் பேரப்பிள்ளையை எழுதித் தரச் சொல்லி, கிளினிக் அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள்.